கீழே சூடு காணுமோ

ஜனவரி 6, திங்கள்

தமிழ்க்கடையில் இனாமாகத் தந்த டயறி. முதல் பக்கத்தில் சொந்த விபரம் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். பெயர்: யோகநாதன். ஊர்: ஸ்காபரோ, கனடா. தொழில்: பள்ளிக்கூட பஸ் சாரதி. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் மகள் தர்சிகாவின் நம்பரை எழுதினேன். அவள் பக்கத்து நகரமான ஏஜக்ஸில் இருக்கிறாள். மனைவி தவமலர் என் தலைக்கு நேர் மேலே இருக்கிறாள். ஆனால் நாங்கள் கதைப்பதில்லை. அவசரத்துக்கு உதவாது.

சண்டை என்று யாரும் நினைக்க வேண்டாம். சண்டை பிடிக்கவும் கதைக்க வேண்டும். அவள் மேலே, நான் நிலவறையில். சமைத்துத் தட்டை மூடி மேசையில் வைப்பாள். அவள் அறைக்குப் போன பிறகு நான் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பேன். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

விடுமுறை முடிந்து பஸ் இன்று தொடங்கியது. வெளியே மைனஸ் பதினாறு. வீட்டுக்கு வந்தால் ஃபேர்னஸ் இருமுகிறது. நானும் இருமுகிறேன். எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். வீடு வாங்கும்போதே கிழடாக இருந்த இயந்திரம். அது எரிந்து, காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைக்கும் ஊதும். ஊதும்போது லொறி ஏற்றத்தில் ஏறுவதுபோல ஒரு சத்தம்.

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்ராற் மேலே நடைச்சுவரில் இருக்கிறது. நான் அதை 19 இல் விடுவேன். பின்னேரம் ஏழு மணிக்கு அவள் 23 ஆக்குவாள். இது தவறாமல் நடக்கும். வேண்டுமென்றுதான் செய்கிறாள்.

ஏழு மணிக்குத்தான் மொன்றியலில் இருக்கும் தன் தமக்கை மணி அக்காவோடு போனில் கதைப்பாள். சமையலறைத் தரையில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறது. என் கட்டிலுக்கு மேலேயும் ஒன்று. இரண்டும் ஒரே குழாய். லொறிச் சத்தத்துக்கு நடுவில் அவளுடைய குரல் துண்டு துண்டாக வரும். "கத்தரிக்காய் எல்லாம் முத்தல்..." பிறகு இரைச்சல். "முழங்கால் உளையுது..." பிறகு இரைச்சல். நான் ஒட்டுக்கேட்பதில்லை. கட்டில் அங்கேதான் கிடக்கிறது. மற்றப் பக்கம் போடலாம்தான், ஆனால் அங்கே ஜன்னல், குளிரடிக்கும்.

ஜனவரி 7, செவ்வாய்

ஃபேர்னஸ் நின்றுவிட்டது. காலால் தட்டினேன். ஓடியது.

ஜனவரி 8, புதன்

இன்று தட்டியும் ஓடவில்லை. தர்சிகா ஆளை அனுப்பினாள். பெயர் கிருபா. நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாத மனிதர். சப்பாத்தைக் கழற்றும்போது தொடங்கிய கதை ஃபேர்னஸுக்குள் தலையை விட்ட பிறகும் நிற்கவில்லை. உள்ளே வெடிப்பு விழுந்திருக்கிறதாம். வாயு கசிந்தால் ஆளையே முடித்துவிடுமாம். சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து அதன் நெற்றியில் கட்டினார்.

"இனி இதைப் போடவே கூடாது அண்ணை. இது முடிஞ்சுது. புதுசா ஹீற் பம்ப் போடுவம். பனிக்குச் சூடு, வெயிலுக்குக் குளிர், ரெண்டுக்கும் ஒரே மெசின். வெளியில நிக்கிற உங்கட பழைய ஏசியையும் தூக்கி எறியலாம்."

"சத்தம் போடுமோ?"

"சத்தமோ! ஓடுதோ இல்லையோ எண்டு நீங்கள் கையை வைச்சுத்தான் பாக்க வேணும்."

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. கை முழுக்கக் கரி என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். "இஞ்சாருங்கோ, வரேக்க பால் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று ஒரு பெண்குரல். "ஓம் ஓம்" என்று அவர் எரிச்சலோடு சொன்னார். இந்தச் சொல் இந்த வீட்டில் கேட்டுக் கனகாலம். புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத பெண்களுக்கு வேறு என்ன சொல் இருக்கிறது. இங்கே பாருங்கள் என்பதுதான் அது. கிருபாவுக்கு அது பால் வாங்குகிற அலுப்பு, அவ்வளவுதான்.

பிறகு என் அறையைப் பார்த்தார். சுவரில் ஹொக்கி மட்டை, மேசையில் பெரிய ஹெட்போன். கட்டிலுக்கு மேலே குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"குசினியும் இந்த அறையும் ஒரே குழாயில கிடக்கு. பிழையான வேலை. மேல பொரிக்கிற மீன் எல்லாம் இஞ்ச மணக்குமே. இதை வெட்டி அடைச்சுப்போட்டு, கீழுக்குத் தனியா ஒரு சின்ன மெசின் சுவரில பூட்டலாம். ஆற்ற அறை இது?"

"மகன்ர அறை."

"தம்பி எங்க?"

"இல்லை" என்றேன்.

"வேலைக்கோ? சரி, வந்தோடன கேட்டுப் பாருங்கோ. இந்தக் காலத்துப் பிள்ளையள் தங்கட அறைக்குத் தனிக் கொன்ற்ரோல் எண்டா விரும்புவினம்."

கேட்கிறன் என்றேன். திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை. திருத்தினால் அந்த மனிதர் வருத்தப்படுவார், தேத்தண்ணி கொடுக்க வேண்டி வரும்.

ஜனவரி 9, வியாழன்

புது இயந்திரம் திங்கட்கிழமைதான் வருமாம். தர்சிகா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். இரண்டு மின்சார ஹீற்றர்களைக் கொண்டுவந்து ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு பேரும் தன்னோடு ஏஜக்ஸுக்கு வர வேண்டும் என்றாள்.

"நான் வரேல்ல. தண்ணிக்குழாய் உறைஞ்சு வெடிச்சா ஆர் பாக்கிறது?"

"அப்பா, உங்களுக்கு ஏற்கெனவே இருமல்."

"உறைஞ்சா வீடே நாறிப்போம்."

 அவள் கட்டில் நுனியில் வந்து இருந்தாள்.

"கிருபா அண்ணா சொன்னவர், கீழுக்குத் தனி மெசின் போடலாமாம். எனக்கும் அதுதான் நல்லம் எண்டு படுது. கதவையும் வேற வைச்சு, ஒரு சின்னக் குசினியும் கட்டிவிட்டா, நீங்கள் ஒரு பக்கம் நிம்மதியா இருக்கலாம், அம்மா ஒரு பக்கம் நிம்மதியா இருக்கலாம். இப்பிடி ஆளை ஆள் பாத்துப் பயந்துகொண்டு... என்னால பாத்துக்கொண்டிருக்கேலாதப்பா."

"அம்மா என்ன சொன்னவ?"

"அம்மா என்னத்தைச் சொல்லுறது. உன்ர விருப்பம் எண்டவ."

உன் விருப்பம் என்று நானும் சொன்னேன். இந்த ஒன்றிலாவது இருவருக்கும் ஒரே பதில். தர்சிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். தாயையும் ஏற்றிக்கொண்டு கார் போன சத்தம் கேட்டது.

பிறகு பார்த்தால் படிக்கட்டில் ஒரு பிளாஸ்க். கொத்தமல்லி அவித்த தண்ணீர், இஞ்சியும் போட்டிருந்தது. இருமல் வரும் நேரமெல்லாம் இது படியில் இருக்கும். வந்து போகும்போது தர்சிகா வைப்பதாகத்தான் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன். தர்சிகாவுக்கு வெந்நீர் வைக்கத் தெரிந்தாலே பெரிய விஷயம்.

ஜனவரி 10, வெள்ளி

ஏழு மணிக்குச் சத்தம் இல்லை. வீட்டில் ஆளில்லை, எப்படி இருக்கும். தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தேன். காலில் விறைப்பு. மற்ற இடத்திலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

காணும் என்றால் எங்கள் பேச்சில் போதும் என்று அர்த்தம். காணாது என்றால் போதாது. என்னோடு பஸ் ஓட்டும் சேது மதுரைக்காரர். "தேத்தண்ணி காணுமோ?" என்று கேட்டால், "எங்க போச்சு? இப்பதானே இங்க வச்சேன்" என்று சுற்றுமுற்றும் தேடுவார். சொன்னாலும் விளங்காது, அடுத்த நாளும் தேடுவார். எல்லாரும் சிரிப்போம். அவருக்கு அந்தச் சொல்லால் ஒரு தேத்தண்ணிதான் தொலையும்.

மகன் பிரணவன் போனது ஒரு மாசி மாதம். ரோட்டில் கண்ணாடி மாதிரிப் பனி உறைந்திருந்த காலை. இருபத்து நாலு வயது. அடுத்த மாசியில் ஆட்டைத் திவசம், முதல் வருடத் திதி. ஐயரும் போய், வந்தவர்களும் போன பிறகு நாங்கள் இருவரும் சாப்பிட இருந்தோம். தவமலர் சோறு போட்டுக்கொண்டே அவனைப் பற்றிச் சொன்னாள். அந்த ஒரு வருடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். முத்தல் கத்தரிக்காய் என்றால் விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைப்பான், அதை எண்ணிப்போட்டு என்னட்டைக் காட்டுவான் என்று. இரண்டாவது அகப்பை என் தட்டுக்கு மேலே வந்தது. காணும் என்றேன்.

அகப்பை அப்படியே நின்றது. பிறகு சோற்றைத் திரும்பப் பானைக்குள் கொட்டினாள். கதையையும் அதோடு மூடிவிட்டாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

நான் சோற்றுக்குத்தான் சொன்னேன். என் தட்டில் சோறு நிறையத்தான் இருந்தது. யாரும் பார்த்திருந்தால் சொல்லுவார்கள். பார்க்க யாரும் இருக்கவில்லை.

இருமல் அவளை எழுப்பும் என்பதற்காக என் தலையணையைக் கீழே கொண்டுவந்தேன். வெறுமையாக இருந்தது அவனுடைய அறை மட்டும்தான்.

ஜனவரி 11, சனி

தர்சிகா போன் எடுத்தாள்.

"அம்மா இஞ்ச ஒருத்தரோடயும் கதைக்கிறா இல்லையப்பா. பின்னேரம் ஏழு மணியானா குசினிக்குள்ள போறா. நிலத்தில கிடக்கிற காத்துத் துவாரத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. நான் உள்ளுக்கு வந்தா உடன எதையாவது துடைக்கிறா."

"மணி அக்காவோட கதைக்கிற நேரமது. போனைக் குடுத்துவிடன்."



"அப்பா, பெரியம்மாவுக்குப் போன ஆவணியில பக்கவாதம் வந்ததெல்லே? ஆளுக்குக் கதைக்கேலாது. கேக்கிறதும் குறைவு. நான் உங்களுக்குச் சொன்னனான்."

ஓம் என்றேன். சொல்லியிருப்பாள். அப்போது எனக்குச் சொன்னதெல்லாம் பஸ் ஜன்னலில் பட்ட மழை மாதிரி வழிந்து போனது.

போனை வைத்துவிட்டுத் தண்ணிக்குழாய்களைப் பார்த்தேன். உறையவில்லை. ஹீற்றருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஆவணிக்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் குரல் வந்தது. புரட்டாதியில் முழங்கால் உளைவு. ஐப்பசியில் கடையில் முருங்கைக்காய் வந்த கதை. முதல் பனி விழுந்த அன்று, "வெளியில வழுக்கும், கவனமாப் போ..." பிறகு லொறிச் சத்தம் விழுங்கிவிட்டது. மணி அக்கா கோயிலுக்குப் போகிறாவாக்கும் என்று நினைத்தேன்.

கதைக்க முடியாதவரிடம் அரை மணித்தியாலம் என்ன கதைக்கிறது?

ஜனவரி 12, ஞாயிறு

கவனமாப் போ. அக்காவிடம் இல்லையென்றால் அவனிடம்தான். அவனுடைய அறை, அவனுடைய குழாய். தாய் பிள்ளைக்குச் சொல்லுகிறாள். அவன் போகிற அன்று சொல்ல மறந்தது. நான் நடுவில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, மணி அக்காவுக்குச் சொல்லுவதைக் கேட்பதாக நினைத்திருக்கிறேன்.

எனக்கு மனம் நொந்தது. டயறி என்பதால் எழுதுகிறேன். கோபம் இல்லை. அந்தக் குழாயை வெட்டி அடைத்தால் அவள் எங்கே போய் நின்று சொல்லுவாள்?

ஜனவரி 13, திங்கள்

பஸ்ஸுக்கு லீவு. காலையிலேயே கிருபாவும் இன்னொருவரும் வந்தார்கள். பழைய ஃபேர்னஸைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படியால் ஏற்றினார்கள். சிவப்பு அட்டை ஆடி ஆடிப் போனது. வாசலில் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். என்னோடு ஒரு அறையில் கிடந்த சீவன்.

மத்தியானம் தர்சிகா தாயைக் கொண்டுவந்து விட்டாள். தவமலர் என்னைப் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். தர்சிகா கீழே வந்தாள். கிருபா அளவுகோலோடு என் அறைக்குள் நின்றார்.

"அப்ப அண்ணை, குழாயை வெட்டி அடைக்கிறன். சின்ன மெசினை இந்தச் சுவரில பூட்டட்டோ?"

"வேண்டாம்" என்றேன்.

"அப்பா!" என்றாள் தர்சிகா.

"வேண்டாம். இருந்தபடி இருக்கட்டும்."

கிருபா தலையைச் சொறிந்தார். "விசர் வேலையண்ணை. மீன் மணக்கும். தம்பியைக் கேட்டனீங்களோ? அவரெல்லோ இருக்கப் போறவர்."

தர்சிகாவின் முகம் வெளுத்துப்போனது. வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"கேட்டனான்."

"என்னவாம்?"

"அடைக்க வேண்டாமாம். தாய் கதைக்கிறது கேக்க வேணுமாம்."

மேலே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. காற்றுக் குழாய் திறந்துதான் கிடந்தது. பழைய இரைச்சலும் இல்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு அதையும் யாரோ மூடினார்கள்.

"நல்ல பிள்ளை" என்றார் கிருபா. "மேல நிக்கிற அக்காவும் அதைத்தான் சொன்னவ. வந்து இறங்கினதும் இறங்காததுமா, தம்பி, குசினிக் குழாயில கை வையாதையும் எண்டவ. வீடு முழுக்க ஒரே கதை. அப்ப எனக்கென்ன."

தர்சிகா காருக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள்.

வேலை முடிந்ததும் கிருபா எல்லோரையும் நடைக்குக் கூப்பிட்டார். புதுத் தெர்மோஸ்ராற் நல்ல பளபளப்பு. தவமலர் சமையலறை வாசலில், நான் படிக்கதவில்.

"எத்தினையில விடுறது?"

நான் சுவரைப் பார்த்தேன். தவமலர் கிருபாவைப் பார்த்துச் சொன்னாள். "கீழ இருக்கிற ஆக்களுக்குக் குளிருதோ தெரியாது தம்பி. இருமிக் கேக்குது."

"மேல இருக்கிற ஆக்களுக்கு முழங்கால் உளைவெண்டால் கூட்டிவிடும்" என்று நானும் கிருபாவிடம் சொன்னேன்.

கிருபா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தர்சிகாவைப் பார்த்தார். பிறகு 21 என்று அமத்திவிட்டுச் சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

முழங்கால் விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் யோசித்திருப்பாள். அது எனக்குக் கட்டிலில் வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. இருமல் அவளுக்கு எப்படித் தெரியும் என்பதும் பிறகுதான் உறைத்தது. ஒரு குழாய்க்கு இரண்டு வாய் இருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

இன்று பொங்கல். பிரணவனுக்குப் பிறகு இந்த வீட்டில் பொங்குவதில்லை. விடிய பஸ்ஸுக்கு வெளிக்கிடும்போது துவாரத்தால் பால் பொங்கி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. கிருபா சொன்னது சரி, எல்லாம் மணக்கும். பின்னேரம் திரும்பி வந்தபோது படியில் பிளாஸ்க்கோடு ஒரு மூடின கிண்ணம். முந்திரிகை வற்றல் கூடப் போட்டிருந்தாள்.

புது இயந்திரம் ஓடுகிறது. கையை வைத்துப் பார்த்தேன், சூடான காற்று வருகிறது. வேறு ஒன்றும் கேட்காது. பலகைச் சுவருக்கு அப்பால் யாரும் இல்லாதது போல இருந்தது.

ஏழு மணிக்குக் கட்டிலில் இருந்தேன். மேலே கதிரை இழுபட்டது. அது துவாரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவள் தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்டது.

"இஞ்சாருங்கோ."

 பிள்ளையை யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். தமக்கையையும் கூப்பிடமாட்டார்கள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு அடிப்பிடிச்சுப் போச்சு, பழக்கம் விட்டுப் போச்செல்லே. மேலால அள்ளித்தான் வைச்சனான், சாப்பிடுங்கோ." கதிரை அசைந்தது. "நாளைக்கு வழுக்குமாம். ரேடியோவில சொன்னவங்கள். கவனமாப் போங்கோ."

போங்கோ. அந்தப் பழைய லொறி இவ்வளவு காலமும் விழுங்கியது இந்தக் கடைசி இரண்டு எழுத்தைத்தான். ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்குச் சூட்டைக் கூட்டி, அதை ஓட விட்டு, அந்த இரைச்சலுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னோடு கதைத்திருக்கிறாள். நான் 19 இல் குறைத்துக் குறைத்து வைத்திருக்கிறேன்.

இப்போது இரைச்சல் இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கதிரையை இழுத்திருக்கிறாள்.

"கீழ சூடு காணுமோ?" என்று கேட்டாள்.

அறை நல்ல சூடாக இருந்தது. காணும் என்பதுதான் சரியான பதில். அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்தது. துவாரத்துக்குக் கீழே, கட்டிலில் ஏறி முழங்காலில் நின்றுகொண்டு சொன்னேன்.

"காணாது."

 மேலே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்ப மேல வாங்கோவன்" என்றாள்.

ஜனவரி 15, புதன்

வழுக்கல்தான். மெதுவாக ஓட்டினேன். எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு வந்தேன்.

இராச்சாப்பாடு மேலே. கத்தரிக்காய்க் கறி, முத்தல். ஒரு அகப்பை சோறு போட்டாள். இரண்டாவது அகப்பை தட்டுக்கு மேலே வந்தது. நான் பேசாமல் இருந்தேன். அவள் போட்டாள். மூன்றாவதும் வந்தது. இதற்கு மேல் மனிதனால் சாப்பிட முடியாது.

"காணும்" என்றேன்.

அகப்பை நின்றது. என்னை நேராகப் பார்த்தாள்.

"சோறுதானே?"

"சோறுதான்."

அகப்பையைப் பானைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். விதைகளை எண்ணிப்போட்டு என்னட்டைக் காட்டுவான் என்று, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.